கிளி கடித்த பத்திரிகை

எதையுமே நம்பாமல் ஒரு மனிதன் இந்த உலகத்தில் மூன்று வேளை சாப்பிட்டு, எட்டு மணி நேரம் தூங்கி, பி.ஏ. இரண்டாம் வருஷம் வரைக்கும் வந்துவிட முடியும் என்று நிரூபித்தவன் ஒரே ஒருவன்தான். அவன் சாட்சி.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அது கல்லூரிப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. வாத்தியார் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் வகுப்பே திரும்பி, "யார்றா அது, புதுசா?" என்று தேடும். சாட்சி என்று கூப்பிட்டால் பொன்னேரி கடைத்தெருவில் டீ ஆற்றுகிறவர் கூடத் திரும்பிப் பார்ப்பார்.

பொன்னேரியில் எங்கள் ஹாஸ்டல் முன்பு நெல் கிடங்காக இருந்த கட்டடம். சுண்ணாம்பு அடித்து, 'மாணவர் விடுதி' என்று பலகை மாட்டிவிட்டார்கள். எலிகளுக்கு மட்டும் இந்தத் தகவலை யாரும் சொல்லவில்லை. அவை வழக்கம்போல நெல்லைத் தேடி வந்து, எங்களைப் பார்த்து ஏமாந்து, எங்கள் நோட்டுகளைத் தின்றுகொண்டிருந்தன.

அங்கே ஒரு நாள் சாம்பாரில் கரப்பான் பூச்சி கிடந்தது. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? தட்டைத் தட்டுவார்கள், கூச்சல் போடுவார்கள், சமையல்காரரை ஒரு மூச்சு திட்டிவிட்டு அதே சாம்பாரை இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார்கள். இவன் எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்தான். ஒவ்வொரு தட்டாகப் போய் நின்றான்.

"நீ பாத்தியா?"

"நீ காட்டினே, பாத்தேன்."

"கரப்பான்தானே?"

"கரப்பான் மாதிரிதான் கீது."

"மாதிரின்னு எழுதட்டுமா, கரப்பான்னே எழுதட்டுமா? நல்லா பாத்து சொல்லு. நாளைக்கு மாத்தக் கூடாது."

பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதோடு விட்டானா? எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் என்று சமையலறைக்குள் போனான். அங்கே பெற்ற வாக்குமூலம் இன்றும் எனக்கு மனப்பாடம்: 'நான் போட்டது கறிவேப்பிலைதான். ஆனால் அதற்குக் கால் இருந்தது உண்மை.' கீழே சமையல்காரரின் கையெழுத்து. வார்டன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்று நாள் ஹாஸ்டலில் சாப்பிடவில்லை.

அன்றைக்கு வந்த பெயர்தான் சாட்சி.

இந்த வியாதி அவனுக்குப் பிறவியிலேயே வந்தது என்று நினைத்தேன். இல்லை, ஊரிலிருந்து வந்தது. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம் அவன் ஊர். ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று அங்கே முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு கூப்பிடுகிற நாளில் குப்பமே கோயில் வாசலில் கூடும். பெரியவர் ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆள் எழுந்து, "நான் கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர், "நாங்களும் கேட்டோம்" என்று சொல்ல வேண்டும். காகிதம் கிடையாது, முத்திரை கிடையாது. ஆனால் சம்பந்தப்பட்ட ஆள் எதிரே நின்று கேட்காவிட்டால், கூப்பிட்டது கூப்பிட்டதாகவே ஆகாது. முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

"எங்க குப்பத்தில ஆளு இல்லாதப்போ அவனப் பத்தி பேசினா, அது பேச்சு இல்ல நைனா, காத்து" என்பான்.

குப்பத்துக்கு இது சரி. ஹாஸ்டலுக்குச் சரிப்படுமா? காமர்ஸ் வகுப்புப் பெண் ஒருத்தி தன்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று எங்கள் அறையில் ஒருவன் ஒரு மாலை முழுக்கப் பூரித்துப்போய்ப் பேசினான். அடுத்த நாள் சாட்சி நேராக அந்தப் பெண்ணிடம் போய் நின்றான்.

"நேத்து மூணு மணிக்கு லைப்ரரி வாசல்ல நீங்க சிரிச்சது, இதோ வர்றானே, இவனப் பாத்தா?"

"நான் சிரிக்கவே இல்லீங்களே. கொட்டாவி விட்டேன்."

"அத்த எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

கொடுத்தாள். 'கொட்டாவி' என்று எழுதி, பெயர் போட்டு, தேதியும் போட்டிருந்தாள். அந்த ஒருவன் யார் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் நான் சாட்சியோடு பேசவில்லை.

பேச வைத்தது ஒரு சுற்றறிக்கை. கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மெட்ராஸில் கல்லூரி மாணவர்களுக்கு மூன்று நாள் பத்திரிகைப் பயிற்சி முகாம். செய்தி சேகரிப்பது, எழுதுவது, அச்சு, வானொலி எல்லாம் சொல்லித் தருவார்கள். கல்லூரிக்கு இருவர் வர வேண்டும்: ஆசிரியர் ஒருவர், செய்தியாளர் ஒருவர். வரும்போது தங்கள் வட்டாரச் செய்திகள் மூன்று கொண்ட கையெழுத்துப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பத்திரிகை இல்லாவிட்டால் அனுமதி இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் அப்போதே 'கொசு' என்ற கையெழுத்துப் பத்திரிகையின் ஆசிரியர். மாதம் ஒரு இதழ், இதழுக்கு ஒரே பிரதி. அதுவே ஹாஸ்டல் முழுக்கச் சுற்றி, கடைசியில் எலிகளிடம் போய்ச் சேரும். எழுதுவது, படம் போடுவது, வாசகர் கடிதம் எழுதுவது, அதற்குக் காரசாரமாகப் பதில் சொல்வது எல்லாம் நானே. பத்திரிகைக்காரன் ஆகிவிட வேண்டும் என்று வெறி பிடித்துத் திரிந்த காலம். அதற்காக ஜோல்னாப் பை வாங்கினேன். தாடி வளர்த்தேன், கன்னத்துக்குப் பத்து முடிதான் வந்தது என்றாலும் வந்ததை வெட்டவில்லை. பால் இல்லாத டீ குடிக்கப் பழகினேன். பாக்கி இருந்தது ஒரு செய்தியாளர் மட்டும்தான்.

கேட்ட எல்லாரும் நழுவினார்கள். அந்த வாரம் ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலில் இருப்பேன் என்று சொன்ன ஒரே ஆள் சாட்சி.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்டா. செய்தியாளர்னு உன் பேரப் போட்டுக்கறேன். மெட்ராஸ் வந்து என் பக்கத்தில குந்தினா போதும்."

அவன் சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தான். "இந்த முகாம் நடக்குதுன்னு இன்னா நிச்சயம்?"

"அச்சடிச்சிருக்கான்டா!"

"அச்சடிச்சா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆளைக் காணோம். சாயங்காலம் மெட்ராஸ் ரயிலில் இருந்து இறங்கி வந்தான். "அந்தக் கட்டடம் கீது. மாடில பெரிய ரூமு ஒண்ணு. நாற்காலி அம்பத்திரெண்டு, அதில ரெண்டுக்குக் காலு ஆடுது. வாட்ச்மேன் கையெழுத்து போட்டுக் குடுத்தாரு" என்று தாளை நீட்டினான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்போதே வேறு ஆளைத் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. நல்ல வேளை.

முகாம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. புதன்கிழமை சாயங்காலம் 'கொசு' சிறப்பிதழ் தயார். கருப்பு மை, சிவப்பு மை, தலைப்புக்கு நீலம். மூன்று செய்திகளும் மூன்று வெடிகள்:

'நூறு மைல் வேகத்தில் இட்லிக் கடைக்குள் பாய்ந்த சோழவரம் ரேஸ் கார்!' இது முடிதிருத்தும் கடையில் காதில் விழுந்தது.

'இரண்டு மொழி பேசும் ஊத்துக்கோட்டைக் கிளி!' இது ஒரு பஸ் கண்டக்டர் சொன்னது.

'நிலம் போகிறதே என்று கதறி அழுத விவசாயி!' இது கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்கும் இடத்தில், ரயில் ஜன்னல் வழியாக நானே என் கண்ணால் பார்த்தது. சங்கிலி பிடித்து அளக்கிறார்கள், பக்கத்தில் ஒருவர் கண்ணைத் துடைக்கிறார். மூன்று பக்கம் எழுதினேன். எழுதும்போது நானே அழுதேன்.

செய்தியாளர் என்ற மரியாதைக்காகச் சாட்சியிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டான். "இத அவங்க கேட்டாங்களா?" என்றான்.

"எவங்க?"

"இட்லிக்காரம்மா, கிளி வெச்சிருக்கிறவரு, அழுதவரு."

"டேய், அவங்களப் பத்தி எழுதினா அவங்களே வந்து கேக்கணுமாடா? போய்ப் படு."

படுத்தான். வியாழக்கிழமை நான் விழித்தபோது அவன் பாய் சுருட்டி வைத்திருந்தது. அவன் சைக்கிள் இல்லை. என் தலைமாட்டில் எண்ணெய்த்துணி சுற்றி வைத்திருந்த 'கொசு'வும் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு சீட்டு, ஏரிக்கரையில் நண்டு ஓடியது போன்ற அவன் எழுத்தில்: 'பத்திரிகை என்னிடம் உள்ளது. மூன்று ஊரிலும் படித்துக் காட்டிவிட்டுக் கொண்டு வருகிறேன்.' கீழே அவன் கையெழுத்து. அதற்குக் கீழே, 'எடுத்ததைப் பார்த்தோம்' என்று சமையல்காரரும், வாசல் பெருக்கும் அம்மாவும்!

இருப்பது ஒரே பிரதி. இன்னும் இரண்டே நாள். ஜோல்னாப் பையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பஸ் பிடித்துச் சோழவரம் போய்ச் சேரப் பத்து மணி ஆகிவிட்டது. ரேஸ் மைதானத்துக்குப் போகிற வழியில் கீற்றுக் கொட்டகை போட்ட இட்லிக் கடை. குப்பம்மா அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா, சைக்கிள்ல ஒருத்தன் இங்க வந்தானா?"

"வந்தாம்பா. விடியங்காட்டியும் வந்து குந்திக்கினு, பத்து இட்லி நாஷ்டா துன்னுட்டு, அப்பறம்தான் விஷயத்தச் சொன்னான். பொன்னேரில எவனோ ஒரு பேமானி, என் கடைக்குள்ள காரு பூந்துட்ச்சின்னு எழுதிக்கீறானாம்."

"பேமானின்னா அவன் சொன்னான்?"

"அவன் எங்க சொன்னான்? நான் சொல்றேன்."

"அப்ப காரு பூரலியா?"

"காரு ஏன் பூருது? அத்த ஓட்டினவன் எறங்கி வந்து, காருக்கு ஊத்தணும்னு ஒரு சொம்பு தண்ணி கேட்டான். குட்த்தேன். அந்த நேரம் பாத்து இன்னொரு காரு டர்ருன்னு போச்சி. என் மாடு மெரண்டு கடைக்குள்ள பூந்து மாவக் கொட்டிட்ச்சி. அவ்ளோதான் சமாச்சாரம்." அகப்பையை என்னை நோக்கி நீட்டினார். "மாடு பூந்துட்ச்சின்னு எழுதினா எவன் படிப்பான்? அதான் அந்தப் பேமானி மாட்டக் காரா மாத்திட்டான்."

என் பத்திரிகைத் தொழிலின் ரகசியத்தை இவ்வளவு சுருக்கமாக அதற்கு முன்பும் பின்பும் யாரும் சொன்னதில்லை.

"கையெழுத்து வாங்கிக்கினு போனானா?"

"கைநாட்டு வெச்சேன். சைக்கிள் கடைக்காரரும் ஒரு கண்டக்டரும் கையெழுத்து போட்டாங்க. நீ இன்னா, அவனுக்குச் சொந்தமா?"

"ஆமாங்க்கா. சொந்தம்தான்."

"அப்ப நாலு இட்லி துன்னுட்டுப் போ. நல்ல புள்ள அது. அந்தப் பேமானிகூட மட்டும் சேர வேணாம்னு சொல்லு."

ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் நின்று ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். சந்தையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே கிளிக்கூண்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கிளிக்குச் சொந்தக்காரர் ரங்கய்யா, தும்மிக்கொண்டே வரவேற்றார்.

"ரா நைனா. நீயும் கிளியக் கேக்க வந்தியா?"

"ரெண்டு பாஷை பேசும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது? நான் ரெண்டு பாஷையில பேசறேன், அது ரெண்டுத்துக்கும் பதில் சொல்லாது. கண்டக்டரு தூரத்தில கேட்டுக்கினு, கிளிதான் பேசுதுன்னு கெளப்பி உட்டுட்டான். இப்ப பேஜாரு எனக்கு. ஆளாளுக்கு வந்து, பேச சொல்லு, பேச சொல்லுன்றான். வாயத் தொறந்தா அதுக்குக் கடிக்கத்தான் தெரியும்."

"சைக்கிள்ல வந்தவன் இன்னா செஞ்சான்?"

ரங்கய்யா சிரித்துச் சிரித்து இருமினார். "ஒரு மணி நேரம் கூண்டு முன்னால குந்திக்கினான் நைனா! தமிழ்ல கேட்டான். என்னைக் கேட்டுக் கத்துக்கினு தெலுங்குல கேட்டான். அப்பறம் அந்தப் பத்திரிகையப் பிரிச்சி, 'இது உன்னப் பத்தி எழுதினது'ன்னு மூஞ்சாண்ட காட்டினான். கிளி எட்டி ஒரே கடி. பக்கத்து மூலை போச்சி."

"பக்கமா! நீல மையில தலைப்பு எழுதின பக்கமா?"

"நீலமோ பச்சையோ. அந்தப் பையன் கோச்சிக்கவே இல்ல. கடிச்ச எடத்துக்குப் பக்கத்தில இன்னா எழுதினான் தெரியுமா? 'கிளியின் மறுப்பு'ன்னு எழுதினான். நான் கையெழுத்து போட்டேன். மண்டிக்காரங்க மூணு பேரு, கடிச்சதப் பாத்தோம்னு போட்டாங்க."

சத்தியவேடு சாலையில் அவன் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் அதற்கு மேல் பஸ் இல்லை. அன்றைக்கு எனக்குப் படுக்கை பஸ் நிலையத்து பெஞ்சு. கொசுக்கள் என்னைத் தங்கள் ஆசிரியர் என்று அடையாளம் கண்டுகொண்டு உரிமையோடு கடித்தன.

வெள்ளிக்கிழமை காலை கும்மிடிப்பூண்டி. ஊருக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் நட்டிருந்தன. ரயில் ஜன்னலில் நான் பார்த்த அதே ஆள், சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பெயர் ஏகாம்பரம்.

"நீங்கதான் அன்னைக்கு அழுதவரா?"

"நீயுமா? இப்பதாம்பா ஒருத்தன் கேட்டுட்டு ஸ்டேஷனாண்ட போனான். எத்தினி பேரு கெளம்பிக்கீறீங்க?" சங்கிலியைக் கீழே இறக்கினார். "கண்ணுல மண்ணு பூந்துட்ச்சி, தொடச்சேன். ரயில்ல போற எவனோ அழுவறேன்னு எழுதிட்டானாம். நான் ஏம்பா அழுவணும்? எனக்கு ஏது நெலம்? காலங்காலமா அடுத்தவன் நெலத்துல நாத்து நட்ட ஆளு நானு. இப்ப அளக்கறதுக்குச் சங்கிலி புடிக்கிறேன்."

"அப்ப யாரும் அழுவலியா?"

"அழுவறவங்க கீறாங்க. அவங்க ஊட்டுக்குப் போய்க் கேக்கணும். ரயில்ல குந்திக்கினு பாத்தா தெரியுமா?"

அவர் சாட்சியிடம் சொல்லி எழுத வைத்ததை எனக்கும் சொன்னார். "கம்பெனி வர்றதுன்னு சொல்றாங்க. வந்தா எம் புள்ளைக்கு அதுல வேல குடுப்பாங்களா? அத்த மட்டும் கேட்டு எழுதுன்னேன். எழுதிக்கினான். திருப்பிப் படிச்சிக் காட்டி, கட்ட வெரல மையில அமுக்கிக்கினுதான் உட்டான்."

நான் மூன்று பக்கத்துக்குக் கண்ணீரை ஓட விட்டிருந்தேன். இவர் சொன்னது இரண்டு வரி. அந்த இரண்டு வரி என் மூன்று பக்கத்தைவிட நன்றாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

அந்த ஆத்திரத்தோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில், தூணில் சாய்த்த சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான் சாட்சி. முகம் வெயிலில் கருகி, வேட்டி முழங்கால் வரை செம்மண்.

"வா எடிட்டரே. பழம் துன்றியா? ரங்கய்யா குட்த்தாரு."

"டேய்! நாளைக்கு ஒம்பது மணிக்கு அது மெட்ராஸ்ல இருக்கணும்டா! இருக்கிறது ஒரே காப்பி!"

"அதான் எண்ணெத்துணில சுத்தி வெச்சிக்கினு கீறேனே."

"கிளி கடிச்சிருக்குடா அத!"

"ஆமா. எழுதிக்கீறேன், பாரு."

பிடுங்கிப் பிரித்தேன். என் அழகான பக்கங்களின் ஓரமெல்லாம் நண்டு ஓடியிருந்தது. 'கார் அல்ல, மாடு.' 'கிளியின் மறுப்பு.' 'அழவில்லை. கண்ணில் மண்.' ஒன்பது கையெழுத்து, இரண்டு கைநாட்டு, ஒரு கிளிக்கடி. நில அளவை செய்ய வந்தவர் கூடக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி கீது" என்று பேனாவை நீட்டினான். "எழுதினவன் போடல."

"நான் எதுக்கு? மூணுமே பொய்னு நீதான் ஊர் பூரா கையெழுத்து வாங்கிட்டியே!"

"மூணாவது நீ பாத்தேன்னியே. இன்னா பாத்தே?"

"ஒரு ஆளு கண்ணத் தொடச்சத."

"அது நெசம்தானே? அத்த எழுதிக் கையெழுத்து போடு."

ரயில் வருகிற நேரம். சண்டை போட நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'கண்ணைத் துடைத்தார். ரயிலில் இருந்து பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்தாவது கையெழுத்து. அவன் மை காய ஊதி, துணியில் சுற்றி, என் ஜோல்னாப் பையில் வைத்தான்.

"நீ போய்ட்டு வா. நான் வரல."

"இன்னாது?"

"நாளைக்கு எங்க குப்பத்தில பாடு கூப்பிடறாங்க. போன வாரமே சொல்லி அனுப்பிட்டாங்க. எங்க நைனாவுக்குக் காது கேக்காது. எங்க பேரு கூப்பிட்டா, கேட்டேன்னு சொல்றது பத்து வயசுலேர்ந்து நான்தான். நான் இல்லன்னா மொற பக்கத்து ஊட்டுக்குப் போய்டும். அப்பறம் எங்க வல காயும்."

"இத ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா, நீ வேற ஆளு போட்டுக்கினு இருப்ப. அவன் இத எடுத்துக்கினு மூணு ஊரு சுத்துவானா?"

சுற்றறிக்கையில் இருந்த வரி ஞாபகம் வந்தது.

"ரெண்டு பேரும் வரலன்னா உள்ள உட மாட்டாங்கடா. 'இருவர் வர வேண்டும்'னு போட்டிருக்கான்."

சுற்றறிக்கையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படித்துப் பார்த்தான். "வரணும்னுதான் போட்டுக்கீது. வரலன்னா தொரத்துவோம்னு போடல. அவங்களாண்டயே கேளு." ரயில் வந்தது. என்னை ஏற்றிவிட்டு, மீண்டும் சைக்கிளில் ஏறிக் குப்பத்துக்குக் கிளம்பிவிட்டான். இரண்டு நாள் மிதித்த சைக்கிள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் அந்தக் கட்டடத்தில் நின்றேன். வாட்ச்மேன் என் பையைப் பார்த்துவிட்டு, "பொன்னேரியா? நாற்காலி எண்ணின தம்பி வரலியா?" என்று கேட்டார். மாடியில் அறை வாசலில் மேஜை போட்டு, கனமான மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் பத்திரிகையில் இருந்தவராம். பார்த்தால் ஐம்பது வருஷம் கோபத்தில் இருந்தவர் போலத் தெரிந்தது.

"ஆசிரியர் நீ. செய்தியாளர் எங்கே?"

"வரல சார்."

"ரெண்டு பேர்னா ரெண்டு பேர். அப்படி ஒரு ஆள் இருக்கானா, இல்ல, சும்மா பேர் எழுதிப் போட்டீங்களா? நிறைய காலேஜ்ல அதான் பண்றாங்க. அடுத்த ஆள் வாப்பா."

எல்லாம் போயிற்று. தாடி, ஜோல்னாப் பை, பால் இல்லாத டீ, எல்லாம். எனக்குப் பின்னால் நின்றவன் ஏற்கெனவே என்னைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தான். சட்டென்று துணியை அவிழ்த்து 'கொசு'வை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

"இருக்கான் சார். பாருங்க. இத்தனை பேர் அவனப் பாத்திருக்காங்க."

அவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். முதல் பக்கத்தில், கார் அல்ல, மாடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாவது, கிளியின் மறுப்பு. விரலால் அந்தக் கடித்த மூலையைத் தடவினார். தோள் குலுங்கியது, அப்புறம் மேஜையே குலுங்கியது. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். மூன்றாவது பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது. ஏகாம்பரத்தின் இரண்டு வரியை, கட்டைவிரல் ரேகையோடு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"உன் செய்தி மூணும் குப்பை. தெரியுமில்ல?"

"தெரியும் சார். நானே பத்தாவதா கையெழுத்து போட்டிருக்கேன்."

"ஓரத்தில எழுதினவன் ஏன் வரல?"

"இன்னைக்கு அவங்க குப்பத்தில பாடு கூப்பிடறாங்க சார். அவன் போகலன்னா மொற போய்டும்." அதற்கு மேல் தைரியம் எங்கிருந்து வந்ததோ, கொட்டினேன். "அவனுக்கு எழுத வராது சார். எனக்குப் போய்ப் பாக்க வராது. ரெண்டு பேரும் சேர்ந்தாதான் ஒரு ஆளு. அந்த ஒரு ஆளு வந்திருக்கேன்னு வெச்சிக்கோங்க."

அவர் இரண்டு அட்டைகளை எடுத்தார். ஒன்றில் என் பெயர். "அவன் பேரு?"

கல்லூரிப் பதிவேட்டுப் பெயர் சத்தியமாக ஞாபகத்துக்கு வரவில்லை. "சாட்சி" என்றேன். அப்படியே எழுதினார். அந்த மூன்று நாளும் என் பக்கத்து நாற்காலியில் அந்த அட்டையை வைத்து, வேறு யாரையும் உட்கார விடவில்லை அவர். முகாம் முடிந்ததும் அந்த அட்டையின் பின்னால், 'இந்த நாற்காலி மூன்று நாளும் இவருக்காகக் காலியாக இருந்தது' என்று எழுதி, அவரிடம் ஒரு கையெழுத்தும் வாட்ச்மேனிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு ஊர் வந்தேன்.

சாட்சி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். இரண்டு கையெழுத்தையும் படித்தான். "சரி" என்றான்.

"பாடு?"

"கூப்டாங்க. கேட்டேன்னு சொன்னேன். ரெண்டு பேரு, நாங்களும் கேட்டோம்னாங்க."

நான்கு வருஷம் ஆகிவிட்டது. நான் இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். அவன் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று குறிக்கிற வேலை. அந்த வேலைக்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் இந்த ராஜ்ஜியத்திலேயே கிடையாது. தாமதமாக வந்தவர்கள் சொல்லும் எந்தக் காரணமும் அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை. போன மாதம் ஏகாம்பரத்தின் மகன் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். "மொத நாளு ஏழு அம்பத்தி மூணுக்கு வந்தான், நானே பாத்தேன்" என்றான் சாட்சி. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால், வழக்கம்போல அவனிடம் போய்ப் படித்துக் காட்டினேன். இரண்டு ஆட்சேபணை. கொட்டாவி மூணு மணிக்கு இல்லையாம், மூணே காலாம். ரங்கய்யா கொடுத்த வாழைப்பழம் இரண்டாம், நான் ஒன்று என்று நினைக்கும்படி எழுதிவிட்டேனாம். ஓரத்தில் குறித்துக்கொடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான்.

இந்தக் கடைசிப் பாராவை மட்டும் அவன் ஷிப்டுக்குப் போன பிறகு எழுதுகிறேன். அந்த முகாமில் மூன்று நாள் எத்தனையோ சொல்லித் தந்தார்கள். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம், நொடிக்கொரு தரம் பக்கத்து நாற்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததுதான். இதைப் படித்தால் "யாரு பாத்தாங்க?" என்று கேட்பான். யாரும் பார்க்கவில்லைடா. இந்த ஒரு தடவை, நான் சொல்கிறேன், நம்பு.